நஸார் நானா திரும்பும் வரை

கொண்டைமலைத் தோட்டம், மேல் டிவிசன்,
மஸ்கெலியா.
8-4-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

வடிவு எழுதுகிறேன். நீங்களும் மீனம்மா அண்ணியும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பாட்டைக் கேட்டால் பிள்ளை லெட்சுமிக்குச் சளி, எனக்குத் தூக்கமில்லை, அவர் மறியலில் கம்பிக்குள். இதைச் சுகம் என்று எப்படி எழுதுவது?

தந்தியில் பாதிதான் சொல்ல முடிந்தது. மார்ச் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆற்றோரத்து மலையில் மலையில் வேலை வாங்கும் நம் கண்டாக்கையாவை யாரோ பின்னாலிருந்து கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிட்டார்கள். தோளில் ஆழமான வெட்டு. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவர் சொன்னது உங்கள் மாப்பிள்ளை பெயரை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் முழுநாள் வேலைக்கு இவருக்கு அரைப்பேர் போட்டுக் கூலியைப் பாதியாக்கினார். இவரும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும், "இந்தக் கத்தி தேயிலைய மட்டுந்தான் வெட்டும்னு நெனைக்காதீங்க" என்று வாயை விட்டார். அந்த வாய்தான் இப்போது சாட்சி.

ஆனால் அன்று முழுவதும் இவர் நல்லதண்ணியில் நஸார் நானா கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மலைக்கு யாத்திரைக்காரர்கள் வரும் சீசனில் ஞாயிறுதோறும் போவதுதான். அதைப் பொலிஸ் காதில் வாங்கவில்லை. பிரஜாவுரிமை இல்லாதவன், விட்டால் இந்தியாவுக்கு ஓடிவிடுவான் என்று பிணையும் கொடுக்க விடவில்லை.

வழக்குப் பேச நீங்கள் பிடித்துக் கொடுத்த புரக்டர் ஐயா வெள்ளிக்கிழமை கோட்டுக்கு வந்தார். கண்டாக்கையாவுக்கு இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை என்று வழக்கைத் தள்ளிவைக்கப் பொலிஸ் தவணை கேட்டது. நம் ஐயா எழுந்து ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மே 24 என்று போட்டுவிட்டார்கள். அவருக்கு அது ஒரு தேதி. உள்ளே இருப்பவருக்கு ஏழு வாரம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை,
சண்முகவடிவு

கொட்டாஞ்சேனை, கொழும்பு.
18-4-1957

தங்கச்சி வடிவுக்கு,

ஆண்டியப்பன் எழுதுவது. இங்கே ஒரு குறையும் இல்லை. லெட்சுமிக்குக் கற்பூரவள்ளிச் சாறு கொடு. நெஞ்சில் சளி இறங்க விடாதே.

அடிபட்டவர் படுக்கையில் இருக்கும்போது எந்தக் கோடும் தவணை கொடுக்கத்தான் செய்யும். அதை மறுத்து நீதவானிடம் கெட்ட பெயர் எடுப்பதில் லாபமில்லை. புரக்டர் கணக்காகத்தான் இருக்கிறார். நம் பக்கம் சாட்சி நஸார் நானா என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் வந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு முடிந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதே. கோட்டில் வாதாடும் அப்புக்காத்து ஒருவரிடம் பதினோரு வருடம் கிளாக்கராக இருந்து பழகிப்போன கேள்வி. மாப்பிள்ளை அந்த ஞாயிற்றுக்கிழமை நல்லதண்ணியில்தான் இருந்தாரா? எத்தனை மணிக்கு வீடு வந்தார்? வரும்போது எப்படி இருந்தார்? உனக்குத் தெரிந்ததை அப்படியே எழுது.

அண்ணன்,
ஆண்டியப்பன்

கொண்டைமலைத் தோட்டம்.
2-6-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எல்லோரும் சௌக்கியமா? இங்கே மழை பிடித்துக்கொண்டது. லயத்து வீட்டுக்குப் பின்னால் கான் வாய்க்கால் நிரம்பி வாசல்வரை தண்ணீர். லெட்சுமிக்குச் சளி விட்டது.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கொழுந்து மும்முரம்.

இருபத்துநாலாம் தேதி கண்டாக்கையா கையைத் தூளியில் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வந்துவிட்டார். இந்தத் தடவை தவணை கேட்டது யார் தெரியுமா? நம் புரக்டர் ஐயா! நஸார் நானா சீசன் முடிந்ததும் மக்காவுக்கு ஹஜ் செய்யக் கப்பல் ஏறிவிட்டாராம். அவர் வரும்வரை விசாரிக்கக் கூடாதாம். ஜூலை 19. கூண்டில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். போன செவ்வாய்க்கிழமை நம் புரக்டர் ஐயா இந்தத் தோட்டத்துக்கு வந்தார். என் லயத்துக்கா வந்தார்? கண்டாக்கையா வீட்டு முன்னால் கார் நின்றது. என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்த வேலாயி சொன்னாள்: "ஒன் லோயர் அங்க டீ குடிக்கிறாரு புள்ள. ஒன் புருசன் கத அவ்வளவுதான்." அவர் யாருக்கு லோயர் என்று நீங்களே எழுதுங்கள்.

தங்கை,
வடிவு

கொழும்பு.
8-6-1957

தங்கச்சிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மழையில் நனைந்துகொண்டு நிற்காதே.

புரக்டருக்கு டிரங்க் கோல் எடுத்துக் கேட்டேன். ஆறு மணி வெளிச்சத்தில் அந்த இடத்தில் முகம் தெரியுமா என்று பார்க்கத் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். கண்டாக்கின் வீட்டு வாசல் வழியாகத்தான் ஆற்றோரத்து மலைக்குக் கார் போகுமாம். கூப்பிட்டார்கள், மரியாதைக்கு டீ குடித்திருக்கிறார். வேலாயி பேச்சை அளந்து வாங்கு.

தவணை கேட்டதும் நம் நன்மைக்கே. நஸார் நானாவை விட்டால் நமக்கு வேறு ஆள் இல்லை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கொழுந்து மும்முரம் என்று விட்டுவிட்டாய் போலிருக்கிறது. மறுபடி கேட்கிறேன், மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வந்தார்?

அண்ணி உனக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறாள்.

அண்ணன்,
ஆண்டியப்பன்

கொண்டைமலைத் தோட்டம்.
22-7-1957

அண்ணனுக்கு,

எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு என்ன?

மறுபடியும் தவணை. மறுபடியும் நம் ஆள்தான் கேட்டார். ஆகஸ்ட் 23. இதுதான் கடைசித் தவணை என்று நீதவான் இங்கிலீசில் சொன்னதைத் துவிபாசி தமிழில் சொன்னார். நாலு மாதம் ஓடிவிட்டது அண்ணன். குற்றம் நிரூபிக்காமலே ஒரு மனுசன் மறியல் சோறு தின்கிறார். லெட்சுமி அப்பா எங்கே என்று கேட்பதையே விட்டுவிட்டாள்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அவரை நான் கட்டிக்கொண்டது உங்களுக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் பார்த்து வைத்த தேயிலை ஸ்டோரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையை வேண்டாம் என்றேன். "கவ்வாத்துக்காரனக் கட்டிக்கிட்டு நீ லயத்துலயே கெட" என்று நீங்கள் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. உங்கள் புரக்டர், உங்கள் தவணை, உங்கள் டிரங்க் கோல். அவர் உள்ளேயே கிடக்கட்டும் என்று யாராவது நினைத்தால் இதைவிட நல்ல வழி கிடைக்குமா? நான் படிக்காதவள்தான். ஆனால் மடைச்சி இல்லை.

மூன்றாம் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம்.

வடிவு

கொழும்பு.
27-7-1957

வடிவுக்கு,

அண்ணிக்குக் காய்ச்சல், இப்போது தேவலை. உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

ஆமாம், அந்தக் கல்யாணம் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காக உன் தாலியில் விளையாடுவேனா? போகட்டும்.

நான் சொல்வதைப் பொறுமையாகப் படி. நஸார் நானாவின் கப்பல் செப்டெம்பர் கடைசியில்தான் வருகிறது. ஆகஸ்ட் 23 அன்று புரக்டர் மறுபடி தவணை கேட்பார். கிடைக்காது என்று தெரிந்தே கேட்பார். ஏன் என்றால், கொழும்பு மேல் கோட்டு நீதிபதிகள் உன் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. கீழ்க் கோட்டு ஏட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவர்களுக்குத் தெரியும். நமக்கு ஒரு முக்கிய சாட்சி இருக்கிறார், இந்தக் காரணத்தால் வர முடியவில்லை, இந்தத் தேதியில் வந்துவிடுவார், அவகாசம் கேட்டோம், மறுத்தார்கள், எங்களுக்குச் சம்மதமில்லை. இவ்வளவும் ஏட்டில் ஏறிவிட வேண்டும். ஏறிவிட்டால், தண்டனையே கிடைத்தாலும் மேலே போய், "எங்கள் சாட்சியைக் கேட்காமலே தீர்த்துவிட்டார்கள்" என்று நிற்கலாம். அன்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுப் பிறகு அழுதால், "அப்போது ஏன் கேட்கவில்லை?" என்பார்கள்.

அதனால் யார் தூண்டினாலும் நம் பக்கத்திலிருந்து "தவணை வேண்டாம்" என்று ஒரு சொல் வரக்கூடாது. அந்த ஒரு சொல் போதும், எல்லாம் போய்விடும். புரிகிறதா?

அண்ணன்,
ஆண்டியப்பன்

கொண்டைமலைத் தோட்டம்.
25-8-1957

அண்ணனுக்கு,

அண்ணிக்குக் காய்ச்சல் முழுவதும் விட்டதா?

வழக்கு முடிந்துவிட்டது. புரக்டர் ஐயா தவணை கேட்டார், கொடுக்கவில்லை. அன்றே விசாரித்தார்கள். கண்டாக்கையா இவரைக் கைநீட்டிக் காட்டினார். பெரட்டில் இவர் பேசியதை இரண்டு பேர் சொன்னார்கள். இரண்டு வருடம் கடூழியச் சிறை.

அப்பீல் எழுதப்போவதாகப் புரக்டர் ஐயா சொன்னார். செய்யட்டும். எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

வடிவு

கொழும்பு.
10-9-1957

வடிவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

வழக்கேட்டின் பிரதி எடுத்தேன். ஆகஸ்ட் ஆறாம் தேதி கோட்டுக்குப் போன ஒரு பெட்டிசன் அதில் இருக்கிறது. இங்கிலீசில் டைப் செய்தது. "என் புரக்டர் என்னைக் கேட்காமல் தவணை வாங்குகிறார். எனக்குத் தவணை வேண்டாம், சாட்சியும் வேண்டாம், உடனே விசாரிக்கவும்." கீழே தமிழில், மாப்பிள்ளை பெயரில், சோலைமலை என்று கையெழுத்து.

நீதவான் அதைப் புரக்டருக்குக் காட்டினாராம். "இதை இப்போதுதான் பார்க்கிறேன், இதற்கு என் ஆட்சேபத்தைப் பதிய வேண்டும்" என்று அவர் சொல்லிப் பதிய வைத்திருக்கிறார். அந்த மனுசனையா நீ சந்தேகப்பட்டாய்? பிறகு மாப்பிள்ளையைக் கேட்டிருக்கிறார்கள். "கையெழுத்து என்னுடையதுதான்" என்று சொல்லியிருக்கிறார். அதோடு அப்பீலின் கழுத்தில் கயிறு விழுந்தது.

ஆனால் மறியலில் இருப்பவன் எழுதும் கடிதம் சிறைச்சாலை முத்திரை இல்லாமல் வெளியே போகாது. இந்தப் பெட்டிசன் உறையில் இருப்பது மஸ்கெலியா தபால் முத்திரை மட்டும். அவர் ஏன் பொய் சொன்னார்? போட்டது யார்?

கடிதம் கண்டதும் எழுது.

ஆண்டியப்பன்

கொண்டைமலைத் தோட்டம்.
4-10-1957

அண்ணனுக்கு,

நான்தான் போட்டேன்.

மூன்று வாரமாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நீங்கள் அனுப்பிய இரண்டு தந்தியும் வந்தன. லெட்சுமி நலம். அதை மட்டும் தைரியமாக எழுத முடிகிறது.

டவுனில் தபால் கந்தோர் முன்னால் டைப் மெசினோடு உட்கார்ந்திருக்கும் வீரய்யாவிடம் போனேன். "யார் பேர்ல போடணும்?" என்று கேட்டார். லயத்திலிருந்து பெட்டிசன் என்றால் ஆம்பிளை பெயரில்தானே போகும்? கூரை ஒழுகுகிறது என்று துரைக்கு எழுதினாலும், அரிசி குறைகிறது என்று யூனியனுக்கு எழுதினாலும் அவர் பெயர்தான். அவர் மலையில் இருந்தால் நான் கையெழுத்துப் போடுவேன். எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன், எல்லா வீட்டிலும் போடுகிறார்கள். அப்படித்தான் இதிலும் போட்டேன். கோட்டுக்கு அது வேறு விசயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று கோட்டில் அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தார்கள். ஒரு நொடி பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "என் கையெழுத்துதாங்க" என்றார். அவருக்கு என் எழுத்து தெரியும். என்னைக் காப்பாற்றத் தன்னை முடித்துக்கொண்டார். இதை நான் ஆகஸ்டில் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

புரக்டர் மேலும் உங்கள் மேலும் சந்தேகப்பட்டேன் என்பது உண்மை. ஆனால் அது பாதிதான். நீங்கள் இரண்டு தடவை கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அவர் வந்தபோது நான் தூங்கிப்போயிருந்தேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் லயத்துத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட அவர் அலசியதில்லை. கானில் ஓடிய தண்ணீர் கறுஞ்சிவப்பாக இருந்தது. நான் கேட்கவில்லை. ஏழு மணிக்கு லயம் முழுக்கக் கண்டாக்கையா வெட்டுப்பட்ட பேச்சு. அப்புறம் கேட்கப் பயம்.

நஸார் நானா வந்து, "சோலைமலை அன்னைக்கி வரவேயில்லையே" என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் அண்ணன் நான் பயந்தேன். அவர் கப்பல் வருவதற்குள் வழக்கு முடியட்டும், சாட்சி போதாது என்று விட்டாலும் விடுவார்கள் என்று நினைத்தேன். நீங்கள் தவணைக்கு அலைந்தீர்கள். நான் அந்தச் சாட்சி வராமல் இருக்க அலைந்தேன்.

இப்போது என்னை என்ன செய்தாலும் சரி.

வடிவு

கொழும்பு.
9-10-1957

வடிவுக்கு,

நேற்று நஸார் நானாவைப் பார்த்தேன். கப்பலை விட்டு இறங்கி மூன்று நாள்தான் ஆகிறது. இப்போது ஹாஜியாராகிவிட்ட அவர் என்னைக் கண்டதும் சொன்னது இது: "தம்பி, சோலமல காலையில எட்டு மணிக்கி வந்தவன். ராவு ஏழு மணி பஸ்ல ஏத்தி உட்டதே நான்தான். எந்தக் கோட்டுல வேணும்னாலும் சொல்றேன்." வெட்டு விழுந்தது ஆறு மணிக்கு. மாப்பிள்ளை செய்யவில்லை வடிவு. இதைப் படித்துவிட்டு முதலில் உட்கார்.

அந்தத் தண்ணீர் என்ன என்று எனக்குத் தெரியாது. நானும் உன்னைவிட நல்லவனில்லை. உன் மௌனத்தைப் பார்த்து நானும் அவர்தான் செய்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே வழக்கு நடத்தினேன்.

இனிச் செய்ய வேண்டியது. நீ ஒரு சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். பெட்டிசன் போட்டதும் கையெழுத்து வைத்ததும் நான், கணவருக்குத் தெரியாது என்று. அப்போதுதான் புரக்டர் பதிய வைத்த ஆட்சேபம் உயிர் பெறும். ஆனால் அடுத்தவர் கையெழுத்தைப் போட்டதாக நீயே ஒப்புக்கொள்கிறாய். உன் மேல் வழக்கு வரலாம். வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வந்தால் லெட்சுமியை அண்ணி பார்த்துக்கொள்வாள்.

காரணம் கேட்டால், புரக்டரை நம்பவில்லை என்று மட்டும் சொல். அது பொய்யில்லை. வேட்டிச் சமாசாரம் எந்தக் காகிதத்திலும் ஏற வேண்டாம். உன் கடிதத்தை எரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை புகைவண்டியில் வா.

அண்ணன்,
ஆண்டியப்பன்

(தபால் அட்டை)
கொழும்பு, 21-1-1958

வடிவுக்கு ஆசீர்வாதம். மேல் கோட்டில் இன்று தீர்ப்பு. தண்டனையைத் தள்ளிவிட்டார்கள். வேறு நீதவான் முன்னால் மறுபடி விசாரணை, நஸார் நானாவைக் கேட்டாக வேண்டும் என்று கட்டளை. உன் சத்தியக் கடதாசியை வாசித்தார்கள். சிறைச்சாலை முத்திரை இல்லாததைக் கவனித்தார்கள். உன்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. புரக்டர் உன்மேல் வருத்தமில்லை என்றார். ஆண்டியப்பன்.

கொண்டைமலைத் தோட்டம்.
19-3-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் எங்கள் மூன்று பேரின் வணக்கம். மூன்று பேர் என்று எழுத ஒரு வருடம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை நஸார் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூண்டில் ஏறினார். பொலிஸ் எப்படிக் குடைந்தும் அசையவில்லை. அன்று மாலையே விட்டுவிட்டார்கள். லயத்தில் மேளம் அடிக்காததுதான் பாக்கி. வேலாயி என் கையைப் பிடித்து, "புருசனுக்காக மறியலுக்குப் போகவும் துணிஞ்சியே, ஒன்னப் போல யாரு இருக்கா!" என்று அழுதாள். அவரும் அதைக் கேட்டுச் சிரித்தார். இரண்டு நாள் எல்லோரும் இதையே சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் மறைக்கச் சொன்னதை நான் மறைக்க முடியாமல் போனதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பீலிக்கரையில் பார்த்தது, நானா வரக்கூடாது என்று நினைத்தது, எல்லாம் சொன்னேன்.

கடைசிவரை கேட்டார். அப்புறம், "அது பாணி போத்தல் புள்ள. நானா லெட்சுமிக்கின்னு குடுத்தாரு. பஸ் நெருக்கடியில மடியிலயே ஒடஞ்சிருச்சி. எறும்பு மொச்சிரும்னு விடியக்காலமே அலசுனேன்" என்றார். கித்துள் பாணி, அண்ணன். கருப்பட்டிப் பாகு போலக் கறுஞ்சிவப்பாக இருக்குமே, அந்தப் பாணி ஒரு போத்தல்.

"அந்தக் காயிதத்துல ஒன் எழுத்தப் பாத்ததும், என்னய சீக்கிரம் வெளிய கொண்டாரத்தான் அவசரப்பட்டுட்டான்னு நெனச்சேன். அதாலதான் என்னுதுன்னு சொன்னேன்" என்றார். பிறகு, "அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமையிலிருந்து மலைக்குப் போகிறார். லெட்சுமியோடு விளையாடுகிறார். நான் போடும் சோற்றைச் சாப்பிடுகிறார், உப்புக் குறைந்தால் சொல்கிறார். ஆனால் அவர் துணியை மட்டும் என்னைத் தொட விடுவதில்லை. தினமும் விடியற்காலையில் பீலிக்கரைக்குப் போய் அவரே துவைத்துக்கொள்கிறார்.

தங்கை,
சண்முகவடிவு